டனல் மேல் பழி போடாதீர்கள்

இரண்டு அலுவலகங்களை ரவுட்டர் வழியாக வி.பி.என். போட்டு இணைத்திருக்கிறார்கள். கிளையில் இருப்பவர் தலைமை அலுவலகத்து டேலி கணக்கு மென்பொருளைத் திறக்கிறார், சர்வரிலிருந்து கோப்புகளை எடுக்கிறார். ஒரு தடையும் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து கிளையின் பிரிண்டருக்கோ கேமரா டி.வி.ஆருக்கோ போகப் பார்த்தால் பதிலே வருவதில்லை. பார்க்க வந்தவர் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: வி.பி.என். டனல் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது. அதன்பின் எல்லாம் ஒரே வரிசையில் நடக்கும். டனலை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். ஃபர்ம்வேரை ஏற்றுவார்கள். இருக்கிற ஃபயர்வாலையெல்லாம் அணைத்துப் பார்ப்பார்கள். கடைசியில் ரவுட்டரையே மாற்றச் சொல்வார்கள்.

அந்த முதல் தீர்ப்பே தவறு என்பது என் வாதம். அது தவறாக இருப்பதால்தான் அதற்குப் பின் செய்கிற எல்லாமே வீணாகிறது. சில வேளை ஆபத்தாகவும் முடிகிறது.

ஒருபக்க டனல் என்ற எண்ணம் எங்கே உடைகிறது என்பதைப் பிங்கிலேயே பார்க்கலாம். மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய அந்தச் சின்ன நிரல், 1981-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 792 என்ற இணைய நெறி ஆவணம் வகுத்த இரண்டு செய்திகளை நம்பியிருக்கிறது. கேள்வி வகை 8, பதில் வகை 0. கேள்வி போய்ச் சேர வேண்டும், பதில் திரும்பி வர வேண்டும். இரண்டும் நடந்தால்தான் திரையில் மில்லி செகண்ட் கணக்கு தெரியும். கிளையிலிருந்து போட்ட பிங்குக்குப் பதில் வந்துவிட்டது என்றால், டனல் அந்தக் கணத்திலேயே ஒரு பாக்கெட்டைத் தலைமை அலுவலகத்துக்கும் ஒன்றைக் கிளைக்குமாகச் சுமந்து முடித்துவிட்டது. டேலி திறந்தது என்றால் இன்னும் உறுதி. டி.சி.பி. இணைப்பு தொடங்குவதற்கே இரு பக்கமும் மாறி மாறி மூன்று பாக்கெட்டுகள் போயாக வேண்டும். இவ்வளவு போக்குவரத்து இரு திசையிலும் ஓடிய பிறகு, ஒரு திசை அடைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஐபிசெக் என்ற வி.பி.என். முறை தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்பை வைப்பார்கள். ஐபிசெக்கில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிப் பாதுகாப்பு உடன்பாடு உண்டு, ஆர்.எஃப்.சி. 4301 அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே ஒன்று செத்து மற்றொன்று உயிரோடு இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம்தான். ஆனால் அப்போது என்ன நடக்கும்? கிளையின் கேள்வி போய்ச் சேரும், பதில் திரும்பாது. தலைமை அலுவலகத்தின் கேள்வி போகவே போகாது. இரு பக்கமும் பிங் தோற்கும். ஒரு பக்கம் நன்றாக ஓடி மறுபக்கம் மட்டும் நிற்கிறது என்ற நம் நிலைமை அதிலிருந்து பிறக்காது.

அப்படியென்றால் இரண்டு பக்கத்துக்கும் என்ன வேறுபாடு? பாக்கெட்டுகள் போகும் திசையில் வேறுபாடு இல்லை. யார் முதலில் பேச்சைத் தொடங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: வழியில் இருக்கும் எந்தப் பொருளுக்கு, யார் தொடங்கினார்கள் என்பது தெரியும்? ரவுட்டிங் அட்டவணைக்குத் தெரியாது. அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேர வேண்டிய முகவரியை மட்டும் பார்க்கிறது. முன்பு என்ன போனது என்ற நினைவு அதற்கு இல்லை. மறையாக்கத்துக்கும் தெரியாது. நினைவு வைத்திருப்பவை இரண்டே. ஒன்று, இணைப்புகளைப் பின்தொடரும் ஃபயர்வால்: உள்ளேயிருந்து போனவர் திரும்பி வந்தால் கதவைத் திறந்து, புதிதாக வருபவரை நிறுத்தும் அடுக்ககக் காவலாளியைப் போன்றது. மற்றொன்று, முகவரி மாற்றம். ரவுட்டர் மெனுக்களில் மாஸ்கரேட் என்று இருப்பது. ஒருவழித் தொடர்பு என்று நாம் கூவுகிற பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி இந்த இரண்டில் ஒன்று. இரண்டில் அதிகம் தப்பித்துக்கொண்டிருப்பது மாஸ்கரேட்.

அது எப்படித் தப்பிக்கிறது என்பதை எண்களோடு பார்ப்போம். தலைமை அலுவலகம் 192.168.10.0 நெட்வொர்க், கிளை 192.168.20.0. நடுவில் ஓப்பன்விபிஎன். தலைமை அலுவலக ரவுட்டர் சர்வர், கிளை ரவுட்டர் கிளையன்ட். டனலுக்குள் கிளை ரவுட்டரின் முகவரி 10.8.0.6. கிளையில் 192.168.20.50 என்ற கணினி தலைமை அலுவலக சர்வருக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. கிளை ரவுட்டரில் மாஸ்கரேட் போட்டிருப்பதால், டனலுக்குள் நுழையும்போது அனுப்பியவர் முகவரி அழிந்து 10.8.0.6 என்று ஆகிவிடுகிறது. தலைமை அலுவலக சர்வர் 10.8.0.6-க்குப் பதில் எழுதுகிறது. அந்த முகவரி எங்கே இருக்கிறது என்று அங்குள்ள ரவுட்டருக்குத் தெரியும், அதுதானே அதை வழங்கியது. பதில் கிளைக்கு வந்ததும் கிளை ரவுட்டர் தன் குறிப்பைப் பார்த்து 192.168.20.50-க்குத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தப் போக்குவரத்து முழுவதிலும் 192.168.20.0 என்ற நெட்வொர்க் ஒன்று உலகத்தில் உண்டு என்ற செய்தியே தலைமை அலுவலகத்துக்குப் போகவில்லை.

இனி மறுபக்கம். தலைமை அலுவலகக் கணினி 192.168.20.50-ஐக் கூப்பிடுகிறது. அதன் ரவுட்டருக்கு அந்த நெட்வொர்க்குக்கான வழி தெரியாது. தெரியாத முகவரியை எங்கே அனுப்புமோ அங்கே, இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடுகிறது. 1996-இன் ஆர்.எஃப்.சி. 1918 தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய முகவரி அது. இன்டர்நெட்டில் அதற்குப் போக்கிடம் கிடையாது. பாக்கெட் டனல் வாசலைக்கூட மிதிக்கவில்லை. இதற்குத்தான் டனலைக் குறை சொல்கிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு; எனக்கு இந்த விஷயத்தில் ஆதங்கம் வருவதும் இங்கேதான். கோளாறு வேலை செய்யும் பக்கத்தில் இருக்கிறது. கிளையிலிருந்து போவது ஓடக்கூடாத ஒன்று. திரும்பும் வழி எழுதப்படாத நெட்வொர்க் அது. மாஸ்கரேட் அந்தக் குறையை மூடி மறைத்து ஓட வைத்திருக்கிறது. வேலை செய்யாத பக்கமோ, வழி எழுதப்படவில்லை என்ற உண்மையை அப்படியே சொல்கிறது. நாம் உண்மை சொல்லும் பக்கத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஓப்பன்விபிஎன்னும், வயர்கார்டு என்ற இன்னொரு வி.பி.என்.னும் இந்த வாதத்துக்குச் சாட்சி சொல்கின்றன. ஓப்பன்விபிஎன் சர்வரில் இரண்டு வரிகள் தேவை. இந்த நெட்வொர்க்குக்கு டனல் வழியே போ என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் ரூட் ஒன்று. அந்த நெட்வொர்க் எந்தக் கிளையன்ட்டின் பின்னால் இருக்கிறது என்று ஓப்பன்விபிஎன்னுக்கே சொல்லும் ஐரூட் மற்றொன்று. இரண்டாவது வரி இல்லாமல், மாஸ்கரேட்டும் இல்லாமல், கிளைக் கணினி தன் சொந்த முகவரியோடு பாக்கெட் அனுப்பினால் சர்வர் அதை ஏற்பதே இல்லை. தவறான மூல முகவரி என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கீழே போடும். வயர்கார்டில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல் ஒன்றே இரு வேலையும் செய்கிறது. வெளியே போகும் பாக்கெட்டை எந்த இணையருக்கு அனுப்புவது என்பதையும், உள்ளே வரும் பாக்கெட்டின் மூல முகவரியை ஏற்பதா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. பட்டியலில் கிளை நெட்வொர்க் விடுபட்டால் இரு திசையும் சேர்ந்தே நிற்கும். இரண்டிலும் பட்டியல் குறைபட்டிருக்க, ஒரு பக்கம் மட்டும் ஓடுவதென்றால் நடுவில் யாரோ முகவரியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் அந்த மாஸ்கரேட்டைப் போட்டது? பெரும்பாலும் யாரும் தெரிந்து போடுவதில்லை. வீட்டு ரவுட்டர்களின் வி.பி.என். கிளையன்ட் பக்கம், சந்தா கட்டி வெளிநாட்டு சர்வர் வழியே இன்டர்நெட் பார்ப்பவர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அவர்களுக்கு மாஸ்கரேட் கட்டாயம் வேண்டும். அந்த சர்வர் பக்கத்திலிருந்து யாரும் தங்கள் வீட்டுக்குள் வரவும் கூடாது. ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே வேன் (WAN) என்ற மண்டலத்தின் இயல்பு அமைப்பு மூன்று விஷயங்களைச் சேர்த்தே செய்கிறது: வெளியே போவதை மாஸ்கரேட் செய்கிறது, ரவுட்டரை நோக்கிப் புதிதாக வருவதை மறுக்கிறது, அதன் வழியாக உள்ளே கடத்தக் கேட்பதையும் மறுக்கிறது. தனியுரிமை வி.பி.என்.னுக்கான வழிகாட்டியைப் பார்த்து டனலை அந்த மண்டலத்தில் சேர்த்துவிட்டால், கிளையிலிருந்து எல்லாம் போகும், கிளைக்குள் எதுவும் வராது. ரவுட்டர் தனக்குச் சொல்லப்பட்டதை அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது. அதில் பழுது தேடி ஃபர்ம்வேர் ஏற்றுவதில் என்ன பயன்?

ஆகவே முதல் சோதனை ஒன்றே ஒன்று. வேலை செய்யும் பக்கத்திலிருந்து பிங் போடுங்கள். சேருமிடத்தில் அந்தப் பாக்கெட்டின் மூல முகவரி என்னவென்று பாருங்கள். ரவுட்டரில் டிசிபிடம்ப் இருந்தால் அதில். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1988-இல் பிறந்த கருவி அது, இன்றும் இந்த வேலைக்கு அதற்கு மிஞ்சியது இல்லை. இல்லையென்றால் சேருமிடத்துக் கணினியில் வயர்ஷார்க். கிளைக் கணினியின் சொந்த முகவரி தெரிகிறதா, டனல் முகவரி தெரிகிறதா? இந்த ஒரு விடை வழக்கை இரண்டாகப் பிளந்துவிடும்.

டனல் முகவரி தெரிந்தால், மாஸ்கரேட்டை எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் ஓடிக்கொண்டிருந்த பக்கமும் நின்றுபோகலாம். இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் அதைத் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். இப்போதுதான் இரு பக்கமும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: தலைமை அலுவலகத்துக்குக் கிளையின் வழி தெரியாது. ரூட்டையும் ஐரூட்டையும் எழுதுங்கள், வயர்கார்டானால் பட்டியலில் நெட்வொர்க்கைச் சேருங்கள், கிளை ரவுட்டரில் டனலுக்குத் தனி மண்டலம் அமைத்து இரு திசையிலும் கடத்த அனுமதி கொடுங்கள். இரு பக்கமும் சேர்ந்தே எழும். அதற்குப் பதிலாகத் தலைமை அலுவலகப் பக்கமும் ஒரு மாஸ்கரேட் போட்டால் சமமாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. மூல முகவரியை மாற்றுவதால், சேர வேண்டிய முகவரிக்கு வழி பிறந்துவிடாது. அடுத்து போர்ட் ஃபார்வர்டு என்பார்கள். பிறகு ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு போர்ட் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

மாஸ்கரேட் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு ஒரு பக்கம் போதும் என்று சொல்வோருக்கும் பதில் உண்டு. சர்வரின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கிளையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள். நள்ளிரவில் யாரோ கோப்புறையை அழித்திருந்தால் எந்த மேசையிலிருந்து என்று முகவரியை வைத்துச் சொல்ல முடியாது. கணக்குப் பிரிவுக்கு மட்டும் இந்த சர்வர் என்று முகவரி பார்த்து விதி எழுத முடியாது.

சேருமிடத்தில் கிளைக் கணினியின் சொந்த முகவரியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு விஷயம் தானாகவே நிரூபணமாகிவிடுகிறது: ரவுட்டிங் சரியாக இருக்கிறது. பதில் வந்ததே, சேருமிடத்துக்குத் திரும்பும் வழி தெரிந்ததால்தானே? அதே வழியில்தான் தலைமை அலுவலகம் தொடங்கும் பேச்சும் போகும். இந்த நிலையிலும் ரூட்களை மாற்றி மாற்றி எழுதுபவர்களைப் பார்க்கிறேன். சரியாக இருப்பதைக் கெடுப்பதைத் தவிர அதில் நடக்கப்போவது ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது ஃபயர்வால் மட்டுமே. கிளை ரவுட்டரின் ஃபயர்வாலா, கிளைக் கணினியின் ஃபயர்வாலா என்பதற்கும் டிசிபிடம்ப் பதில் சொல்லும். தலைமை அலுவலகத்திலிருந்து பிங் போட்டபடி கிளை ரவுட்டரில் டனல் முகத்தையும் உள் நெட்வொர்க் முகத்தையும் பாருங்கள். டனலில் தெரிந்து உள்ளே தெரியாவிட்டால் ரவுட்டர் நிறுத்துகிறது. உள்ளேயும் தெரிந்து பதில் மட்டும் இல்லையென்றால் கணினி நிறுத்துகிறது.

கணினி நிறுத்துவதற்கு விண்டோஸில் ஒரு தெளிவான காரணம் உண்டு. 2004-இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 தொட்டு விண்டோஸ் தன் ஃபயர்வாலை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. பிரைவேட் சுயவிவரத்தில் கோப்புப் பகிர்வுக்கும் பிங்குக்குமான விதிகள் உள் சப்நெட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கின்றன. பக்கத்து மேசையிலிருந்து பிங் போட்டால் பதில் வரும், இன்னொரு நெட்வொர்க்கிலிருந்து போட்டால் வராது. பக்கத்து மேசை சோதனையை வைத்துக்கொண்டு, கணினி சரியாக இருக்கிறது, டனல்தான் கெட்டது என்று முடிவுகட்டுவது இதனால்தான் செல்லாது.

இந்தக் கட்டத்தில் கிடைக்கும் அறிவுரை: ஃபயர்வாலை அணைத்துவிடு. சோதனைக்காக ஒரு நிமிடம் அணைத்து, உடனே போடுவது வேறு. நான் எதிர்ப்பது, அணைத்ததும் ஓடியது என்று அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கத்தை. அந்த ஒரு விதியில் 192.168.10.0 நெட்வொர்க்கைச் சேர்ப்பது சில கிளிக் வேலை. அதைச் செய்யாமல் விட்டால் இரண்டு அலுவலகங்களும் தடுப்பே இல்லாத ஒரே வெளியாகிவிடுகின்றன. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பிய நாட்பெட்யா, அங்கே கிளை வைத்திருந்த நிறுவனங்களின் உள் நெட்வொர்க்குகளைப் பிடித்துக்கொண்டு நாடு நாடாகப் போனது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் திரும்ப நிறுவ வேண்டியிருந்தது. கிளையில் தொடங்குவது தலைமையகத்தில் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நம் ஊர்ச் சிறு கடைக்காரரிடம் திரும்ப நிறுவ ஆளும் இல்லை, பேக்கப்பும் பெரும்பாலும் இல்லை.

என் வாதத்துக்கு அடங்காதவை போலத் தோன்றும் சில நிலைமைகள் உண்டு. கிளை ரவுட்டரில் சிம் போட்டிருக்கிறார்கள். சேவை தருபவர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார், கிளைக்குக் கிடைப்பது 100.64-இல் தொடங்கும் பகிர்வு முகவரி. வயர்கார்டு பேச்சில்லாதபோது அமைதியாக இருக்கும் இயல்புடையது. கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் சேவை தருபவரின் முகவரி மாற்றப் பெட்டி அந்த இணைப்பை மறந்துவிடும். அதன்பின் தலைமை அலுவலகம் கூப்பிட்டால் போகாது. கிளையில் யாராவது எதையாவது திறந்ததும் மறுபடி இரு பக்கமும் ஓடும். இங்கேயும் குற்றவாளி, யார் தொடங்கினார்கள் என்று நினைவு வைத்திருக்கும் ஒரு பெட்டிதான். அது நம் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவே. கிளைப் பக்கத்தில் 25 விநாடிக்கு ஒரு முறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி அமைத்தால் தீரும்.

வி.பி.என். ரவுட்டர் தனிப் பெட்டியாகவும், கணினிகளின் கேட்வே சேவை தருபவரின் மோடமாகவும் இருக்கும் இடங்களில் இன்னொரு சிக்கல். வரும் பாக்கெட் வி.பி.என். ரவுட்டரிலிருந்து நேராகக் கணினிக்குப் போகிறது. பதில் மோடம் வழியே சுற்றுகிறது. பேச்சின் பாதியை மட்டும் பார்க்கும் மோடத்தின் ஃபயர்வால் அதை வெட்டிவிடுகிறது. பிங் போனாலும் டேலி போகாமல் நிற்கலாம். இதுவும் நினைவு வைத்திருக்கும் பெட்டியின் வேலைதான்.

உண்மையிலேயே திசை சார்ந்த கோளாறு ஒன்று இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்: பாக்கெட் அளவு. வயர்கார்டு வழக்கமாக 1420 பைட்டுக்கு மேல் ஏற்பதில்லை. பிங்கை விட்டுவிட்டு மற்ற ஐ.சி.எம்.பி. செய்திகளைத் தடுத்துவைத்திருக்கும் இடங்களில், பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு என்ற செய்தி அனுப்பியவருக்குப் போய்ச் சேராது. கோப்பை ஏற்றுவது ஓடும், இறக்குவது நின்றுவிடும். ஆனால் அங்கேயும் இரு பக்கத்திலிருந்தும் சின்ன பிங் ஓடுகிறது என்பதால் அதைப் பிரித்தறிய முடியும்.

இன்னொன்றில் மாஸ்கரேட்டுக்கே இடம் கொடுக்கிறேன். கேட்வே முகவரி நிரப்பாமல் விட்ட டி.வி.ஆர். தன் சப்நெட்டுக்கு வெளியே இருக்கும் யாருக்கும் பதில் சொல்லாது. முதலில் செய்ய வேண்டியது கேட்வேயை நிரப்புவது. பாஸ்வேர்ட் தொலைந்துபோய், பொருத்தியவரும் தொடர்பில் இல்லாத பெட்டி என்றால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும், கிளை ரவுட்டரின் உள் நெட்வொர்க் பக்கத்தில் மாஸ்கரேட் போடலாம், டி.வி.ஆருக்குக் கேள்வி தன் சப்நெட்டிலிருந்தே வந்ததாகத் தெரியும். தெரிந்து போட்டு, ஏன் போட்டோம் என்று எழுதியும் வைத்தால் அது தீர்வுதான்.

சோதனையிலேயே ஒரு பொறி உண்டு. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் பிங் பொத்தானை அழுத்திவிட்டு, போகிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த பிங் ரவுட்டரின் சொந்த டனல் முகவரியிலிருந்து கிளம்புகிறது. பின்னால் இருக்கும் நெட்வொர்க்குக்கு வழி இருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கணினியிலிருந்து கணினிக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் சான்றாக எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் வாடிக்கையாளருக்குப் பொறுமை இல்லை, ரீபூட் பண்ணிப் பார்த்துவிட்டு மாற்றிவிடுவதே சீக்கிரம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ரீபூட் எழுதாத ரூட்டை எழுதாது. புது ரவுட்டரும் அதே இயல்பு அமைப்போடுதான் வரும். அதே திரை, அதே மாஸ்கரேட், அதே ஒரு பக்கம். பெட்டி மாறியும் நோய் மாறவில்லை என்றதும், இந்த வி.பி.என். வேலையே இப்படித்தான் என்று வாடிக்கையாளர் நம்பத் தொடங்கி, டி.வி.ஆரின் போர்ட்டை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடச் சொல்கிறார். அந்த நிலைக்கு அவரைத் தள்ளியது நம் தவறான தீர்ப்பு.

ரவுட்டர் தயாரிப்பவர்களும் இதில் பங்கேற்க வேண்டும். வி.பி.என். கிளையன்ட் திரையில், இந்த டனல் இன்டர்நெட்டுக்கா, இன்னொரு அலுவலகத்துக்கா என்று முதல் கேள்வியாகக் கேட்கட்டும். இரண்டாவது விடையைத் தேர்ந்தால் மாஸ்கரேட்டை அணைத்து, எதிர்ப்பக்க நெட்வொர்க்கின் முகவரியை வாங்கிக்கொண்டு, எதிர்முனையில் எழுத வேண்டிய ரூட் எது என்பதையும் அதே திரையில் காட்டட்டும்.